குளோமிஃபீன்: ஆணின் உடலையே டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும் மாத்திரை

திருமணமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் குழந்தைக்காகக் காத்திருந்துவிட்டு மருத்துவரைப் பார்க்கப் போகும் ஆண்கள் சிலருக்கு, இரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு குளோமிஃபீன் சிட்ரேட் என்ற மாத்திரை எழுதித் தரப்படுகிறது. மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால், கடைக்காரர் அட்டையை எடுத்துக்கொண்டே "வீட்டம்மாவுக்கா சார்?" என்று கேட்பது வழக்கம். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்தால், சினைமுட்டை வெளிவராத பெண்களுக்கான மருந்து என்றுதான் அதிலும் அச்சிட்டிருக்கும். மருத்துவர் தவறாக எழுதிவிட்டாரோ என்று பயந்து அந்த அட்டையை அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஏன் என்று தெரியாமலேயே மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் உண்டு. இருவருக்கும் தேவைப்படுவது ஒரே விளக்கம்தான்: பெண்களுக்கான மாத்திரை ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனை எப்படிக் கூட்டுகிறது?

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விந்தகங்களில் உள்ள லீடிக் செல்கள் சுரக்கும் ஹார்மோன். தசை, எலும்பு, தாடி மீசை, பாலுணர்வு, இரத்தச் சிவப்பணுக்களின் உற்பத்தி ஆகிய அனைத்திலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் விந்தகம் தானாக அதைச் சுரப்பதில்லை. மூளையிலிருந்து கட்டளை வந்தால்தான் சுரக்கும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ், ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை மிக நுண்ணிய அளவில் வெளியிடுகிறது. அது சற்றுக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியை எட்டியதும், பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கிறது. எல்.எச். லீடிக் செல்களிடம் போய் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்கிறது, எஃப்.எஸ்.எச். விந்தகத்திலேயே உள்ள செர்டோலி செல்களிடம் போய் விந்தணுக்களை வளர்க்கச் சொல்கிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியான ஜி.என்.ஆர்.எச். எவ்வளவு சிறிய அளவில் சுரக்கிறது என்றால், அதைப் பிரித்தெடுக்க ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கியூமினும் தனித்தனியே பன்றிகள், ஆடுகளின் ஹைபோதலாமஸ்களை இலட்சக்கணக்கில் அரைக்க வேண்டியிருந்தது. 1971-இல் அதன் அமைப்பு வெளிப்பட்டது. 1977-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டளை போட்டால் மட்டும் போதாது, எப்போது நிறுத்த வேண்டும் என்றும் மூளைக்குத் தெரிய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் தொட்டிக்குள் ஒரு மிதவை தொங்கும். தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கும், கீழே கிணற்று மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். தொட்டி நிரம்பி மிதவை மேலே வந்ததும் மோட்டார் நின்றுவிடும். உடலில் மோட்டாரின் இடத்தில் ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் இருக்கின்றன, கிணற்றின் இடத்தில் விந்தகம் இருக்கிறது, தொட்டித் தண்ணீர்தான் டெஸ்டோஸ்டிரோன். இரத்தத்தில் ஹார்மோன் போதிய அளவு ஏறியதும் மூளை அதை உணர்ந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் குறைத்துக்கொள்கிறது.

அந்த மிதவை எது என்பதில்தான் பலருக்கும் வியப்பு காத்திருக்கிறது. ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு சிறு பகுதி, அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரடையோலாக, அதாவது நாம் பெண் ஹார்மோன் என்று சொல்லிப் பழகிவிட்ட ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. "போதும், நிறுத்து" என்ற செய்தியை ஹைபோதலாமஸுக்குச் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஈஸ்ட்ரோஜனுடையது. ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டாத சரக்கு என்று நினைப்பது தவறு என்பதை, 1994-இல் மருத்துவ இதழ் ஒன்றில் விவரிக்கப்பட்ட ஒரு மனிதரின் உடல் காட்டியது. அவருக்கு வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர். செல்கள் ஈஸ்ட்ரோஜனின் செய்தியைப் பெறும் ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யாததால், ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் நிறைய இருந்தும் அவருடைய உடலுக்கு அது இல்லாதது போலவே இருந்தது. அந்த வயதிலும் எலும்பு முனைகள் மூடாமல் அவர் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்புகளோ அடர்த்தி இழந்திருந்தன. எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தன. மிதவையைப் பார்க்க முடியாத மோட்டார் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது என்று இதைச் சொல்லலாம்.

குளோமிஃபீன் செய்வது இதன் தற்காலிகமான, அளவான வடிவம். அது ஹைபோதலாமஸில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத சாவி போல இடத்தை அடைத்துக்கொள்வதால், உண்மையான ஈஸ்ட்ரோஜன் தன் செய்தியைச் சொல்ல இயலாமல் போகிறது. இரத்தத்தில் ஹார்மோன் குறைந்துவிட்டது என்று கருதும் மூளை, ஜி.என்.ஆர்.எச். துடிப்புகளைக் கூட்டுகிறது, எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் ஏறுகின்றன, விந்தகம் தன் சொந்த டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. மாத்திரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ஒரு துளியும் கிடையாது. தொட்டிக்குள் அது தண்ணீர் ஊற்றவில்லை. மிதவையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பெண்ணின் உடலிலும் அது இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே ஏறும் எஃப்.எஸ்.எச். சினைப்பையை எட்டிச் சினைமுட்டையை வளர்க்கிறது, இங்கே விந்தகத்தை எட்டுகிறது. மருந்துக்கடைக்காரரின் கேள்விக்கும் பெட்டிக்குள் இருக்கும் தாளுக்கும் இதுவே பதில்.

இந்த மருந்து புதியதன்று. 1956-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மெரல் நிறுவனத்தில் ஃபிராங்க் பலொபோலி என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். 1967-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெண்களின் சினைமுட்டை வெளிப்பாட்டுக்காக ஒப்புதல் அளித்தது. ஆண்களுக்கான முறையான ஒப்புதலை அந்த நிர்வாகம் இன்றுவரை தரவில்லை. ஆகவே ஆண்களுக்கு இதை எழுதுவது, மருத்துவர் தம் அறிவையும் கிடைத்திருக்கும் ஆய்வுகளையும் வைத்து, ஒப்புதல் பெற்ற பயனுக்கு வெளியே எடுக்கும் முடிவு. மருத்துவத்தில் இது சட்டவிரோதமும் இல்லை, அபூர்வமும் இல்லை. ஆனால் நோயாளிக்கு இது சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாத்திரையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. குளோமிஃபீன் ஒரே மூலக்கூறு அன்று; ஒன்றுக்கொன்று வடிவில் மாறுபட்ட இரண்டின் கலவை. ஏறத்தாழ 62 விழுக்காடு என்குளோமிஃபீன், மீதி சூக்ளோமிஃபீன். ஏற்பியை அடைத்து எல்.எச்.சை ஏற்றுவது முதலாவது. அதில் பாதி ஏறத்தாழ 10 மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். இரண்டாவதோ ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்வது, பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 நாள் எடுப்பது. ஆகவே மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர் உடலில் சூக்ளோமிஃபீன் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். நல்ல பாதியை மட்டும் தனியே பிரித்து மருந்தாக்கலாம் என்று அமெரிக்காவின் ரெப்ரோஸ் நிறுவனம் முயன்றது. டெஸ்டோஸ்டிரோன் அளவு ஏறியது. ஆனால் 2015 இறுதியில் அமெரிக்க நிர்வாகம் ஒப்புதல் தரவில்லை, 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமையின் குழுவும் மறுத்துவிட்டது. இரத்தத்தில் எண் ஏறுவது வேறு, அந்த எண்ணால் மனிதரின் உடல்நிலை தேறியது என்று காட்டுவது வேறு என்பதே அங்கே எழுந்த கேள்வி.

டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்றால் டெஸ்டோஸ்டிரோனையே ஊசியாகவோ களிம்பாகவோ கொடுத்துவிட்டால் என்ன, எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்கலாம். இனிக் குழந்தை வேண்டாம் என்கிற வயதினருக்கு, காரணம் உறுதியான பின், அது நல்ல சிகிச்சையாகவே அமையக்கூடும். குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு அது நேர் எதிரான வேலையைச் செய்துவிடும். லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினால் மிதவை மேலே வந்துவிடும், மோட்டார் நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனைக் கண்டு மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. விந்தகத்துக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனின் செறிவு, இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. விந்தணு விளைவதற்கு அந்தச் செறிவு தேவை. ஊசி இரத்தத்தின் அளவை உயர்த்தும்போது விந்தகத்துக்குள் இருக்கும் அளவு சரிந்துபோகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. ஊசி போட்டுக்கொண்ட ஆண்களில் பெரும்பான்மையோரின் விந்தில் ஆறு மாதங்களுக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அது திரும்பும். ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். களைப்பாக இருக்கிறது என்று சொல்லிப் போன இளைஞருக்கு, "குழந்தை வேண்டுமா?" என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடப்படுவதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

இனி, யாருக்கு இந்த மாத்திரை பயன்படும், யாருக்குப் பயன்படாது என்ற பகுதி. இதற்கு விடை ஆய்வகத் தாளிலேயே இருக்கிறது. விளக்கத்துக்காக இரண்டு தாள்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் தாளில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 210 நானோகிராம், எல்.எச். 3. இரண்டாவது தாளிலும் டெஸ்டோஸ்டிரோன் அதே 210; எல்.எச். மட்டும் 25. டெஸ்டோஸ்டிரோன் வரியை மட்டும் படிப்பவருக்கு இருவருக்கும் ஒரே நோய். எல்.எச். வரியையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் வெவ்வேறு கதைகள். வளர்ந்த ஆணுக்கு எல்.எச். பொதுவாக 2 முதல் 9 வரை இருக்கும். முதலாமவருக்குத் தொட்டி வறண்டிருக்கிறது, ஆனாலும் மோட்டார் சோம்பலாக ஓடுகிறது. கோளாறு மேலே, மூளைப் பக்கம். குளோமிஃபீன் அந்த மோட்டாரை விரட்டும். இரண்டாமவரின் மோட்டார் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிணற்றில் நீர் இல்லை. விந்தகமே பழுதுபட்டவருக்கு மிதவையை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை, பருவ வயதில் பொன்னுக்குவீங்கி வந்து விந்தகத்தைத் தாக்கியது, புற்றுநோய்க்கு எடுத்துக்கொண்ட சில மருந்துகள் ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

முதல் வகையிலும் எல்லோருக்கும் இது பலன் தராது. பிட்யூட்டரியில் கட்டி இருந்தால், அல்லது பிறவியிலேயே ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் செல்கள் அமையாவிட்டால், கட்டளையிட ஆளே இல்லை. பின்னதற்குக் கால்மன் நோய்க்குறி என்று பெயர்; கருவில் அந்தச் செல்கள் மூக்கின் பகுதியில் தோன்றி மூளைக்கு நகர வேண்டியவை, அந்தப் பயணம் தடைபடுவதால் இவர்களுக்கு வாசனையும் தெரியாது. மல்லிகையின் மணம் தெரிகிறதா என்று மருத்துவர் கேட்டால் அது பொருத்தமற்ற கேள்வி அன்று. புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிகுந்திருந்தால் அதற்குத் தனி மருந்து உண்டு. அதை விட்டுவிட்டுக் குளோமிஃபீன் கொடுப்பது நோயை மறைப்பதாகும். ஆகவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் மூன்றும் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

பரிசோதனை எடுக்கும் நேரமும் முக்கியம். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும், சாப்பிட்டாலும் குறையும். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு ஆய்வகத்தில் கை நீட்டி வரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காலை வெறும் வயிற்றில், ஏழு முதல் பத்து மணிக்குள், வேறுவேறு நாட்களில் இரண்டு முறை பார்க்க வேண்டும். இரண்டிலும் குறைவாக இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் அதைக் குறைபாடு எனக் கொள்வர். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறை 300 நானோகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. காய்ச்சலில் இருக்கும்போதும் அளவு விழும். உடல் பருத்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதம் குறைந்திருப்பதால், மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும், பிணைப்பில்லாத டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கக்கூடும்.

மருந்தளவைப் பொறுத்தவரை, மருத்துவர்கள் வழக்கமாக நாள்தோறும் 25 மி.கி. அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 அல்லது 50 மி.கி. என்று தொடங்குவார்கள். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சில வாரங்களிலேயே ஏறிவிடும். பல ஆய்வுகளில் அது தொடக்க அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது. விந்தணுக்களுக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் கிடைக்காது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகின்றன, எனவே மூன்று மாதங்களுக்கு முன் விந்துப் பரிசோதனை செய்து மனம் தளர்வது வீண். எண்ணிக்கை எல்லோருக்கும் கூடும் என்ற உறுதியும் கிடையாது. சிலருக்கு மாறாகக் குறைந்தும் இருக்கிறது, அதனால்தான் அந்தப் பரிசோதனையைத் தவற விடக் கூடாது.

பக்கவிளைவுகளில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது பார்வை மாற்றம். கண் மங்குவது, ஓரத்தில் மின்னல் போல ஒளி தெறிப்பது, பார்த்த பொருளின் நிழல் கண்ணிலேயே சிறிது நேரம் நிற்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த மாத்திரையை எடுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எரிச்சல், மனச்சோர்வு, தலைவலி, மார்பில் வலி கலந்த வீக்கம் ஆகியவை சிலருக்கு வரும். டெஸ்டோஸ்டிரோன் கூடும்போது அதிலிருந்து மாறும் ஈஸ்ட்ரடையோலும் கூடுகிறது என்பது மார்பு வீக்கத்துக்கு ஒரு காரணம். இரத்தச் சிவப்பணுக்களின் விகிதம் ஊசியில் ஏறும் அளவுக்கு இதில் ஏறுவதில்லை என்றாலும், அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இரத்தம் உறைதல் மிக அரிது. ஆனால் முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எதிர்பார்ப்பிலும் ஒரு தெளிவு வேண்டும். 1995-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், விறைப்புக் குறைபாடும் குறைந்த டெஸ்டோஸ்டிரோனும் உள்ள ஆண்களுக்குக் குளோமிஃபீனும் வெற்று மாத்திரையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன்கள் நன்றாகவே ஏறின. ஆனால் மொத்தத்தில் பாலுறவு ஆற்றல் அதற்கேற்ப உயரவில்லை, இளையவர்களும் வேறு நோய் இல்லாதவர்களும் மட்டுமே ஓரளவு பயன் பெற்றார்கள். விறைப்புக் குறைபாட்டுக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் குழாய் அடைப்பும் காரணமாக இருக்கும்போது ஹார்மோனை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதே குடும்பத்து மாத்திரையான தமொக்ஸிஃபெனும், அரோமடேஸ் நொதியைத் தடுத்து ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கும் அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் ஆகியவையும் இதே வழியில் எல்.எச்.சைக் கூட்டுகின்றன. டெஸ்டோஸ்டிரோன் அண்டெக்கனோயேட் மாத்திரையை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதுவும் வாய்வழி மருந்துதான், ஆனால் அது லாரித் தண்ணீர், மோட்டாரை நிறுத்திவிடும். நெருஞ்சில் சாறு அடைத்த புட்டிகள் "இயற்கையாக டெஸ்டோஸ்டிரோனைத் தூண்டும்" என்று விற்கப்படுகின்றன. ஆரோக்கியமான ஆண்களிடம் செய்த சோதனைகளில் நெருஞ்சில் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தியதாகத் தெரியவில்லை. ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, அதன்பின் குளோமிஃபீனைத் தாங்களே வாங்கிச் சாப்பிடும் இளைஞர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நின்றுபோன மோட்டார் எத்தனை நாளில் ஓடும் என்பதை எல்.எச். பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது, உடன் பயிற்சி செய்யும் நண்பராலும் முடியாது. போட்டியில் கலந்துகொள்ளும் வீரர்களுக்குக் குளோமிஃபீன் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில், போட்டிக் காலத்திலும் அதற்கு வெளியிலும், இடம்பெற்றிருக்கிறது.

எத்தனை நாள் சாப்பிடுவது என்பது கடைசிக் கேள்வி. மாத்திரையை நிறுத்தினால் மிதவை மீண்டும் மேலே வரும். மூளையின் மந்தத்துக்கான காரணம் அப்படியே இருந்தால் டெஸ்டோஸ்டிரோனும் பழைய அளவுக்கே இறங்கும். அந்தக் காரணம் பல ஆண்களிடம் தொப்பையாகவே இருக்கிறது: கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் நிறைய உண்டு, அங்கே டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறி மூளையை அடக்குகிறது. குறட்டையோடு மூச்சு தடைபடும் உறக்கம், நாட்பட்ட வலிக்கு எடுக்கும் ஓபியாய்டு மாத்திரை ஆகியவையும் இதே விளைவைத் தருகின்றன. ஆகவே நல்ல மருத்துவர் மாத்திரைச் சீட்டோடு எடைக்கும் உறக்கத்துக்கும் ஒரு திட்டத்தைத் தருவார்; எடை கணிசமாகக் குறைந்த பிறகு மருந்தை நிறுத்தி, சூக்ளோமிஃபீன் உடலைவிட்டு வெளியேறச் சில மாதங்கள் விட்டு, மீண்டும் காலை வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்.